ரிவர்ட் பண்ணுங்க, சார்

டெல்லித் தமிழர்களில் அப்பா தலைமுறைக்கு 'ரிவர்ட்' என்ற ஆங்கில வினைச்சொல் ஒரு விதமாகவும் பிள்ளைகள் தலைமுறைக்கு வேறு விதமாகவும் காதில் விழுகிறது. ஆர்.கே.புரம், லோதி காலனி அரசுக் குடியிருப்புகளில் காலம் தள்ளி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். "யாரை ரிவர்ட் பண்ணிட்டா?" என்று பதறிக் கேட்பார். அவர் காதில் அது பழைய கீழ்ப் பதவிக்கே இறக்கி அனுப்புவது. குருகிராமிலும் நொய்டாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அதில் பதற ஒன்றுமில்லை. 'கைண்ட்லி ரிவர்ட்', 'வில் ரிவர்ட் பை ஈவ்னிங்', 'அவெய்ட்டிங் யுவர் ரிவர்ட்' என்று மின்னஞ்சலில் நாள் முழுக்க அடிபடும் சொல் அது. பதில் போடுங்கள், போடுகிறேன், எப்போது போடுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான் அர்த்தம்.

இந்த இரண்டாவது அர்த்தத்தைப் பார்த்தாலே ஆங்கிலம் நன்கு படித்தவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இந்தியர்களுக்கு ரிவர்ட் என்றால் என்னவென்றே தெரியாது என்பது அவர்கள் தீர்ப்பு. பிறர் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கையேடுகளும் வாடிக்கையாளர் கடிதங்களும் என் மேஜை வழியாகத்தான் போகின்றன. ஆகவே நானும் அவர்கள் பக்கம் நிற்க வேண்டியவன். ஆனால் எனக்கு அந்தத் தீர்ப்பில் பாதிதான் சம்மதம்.

முதலில் அந்தச் சொல்லின் சரியான பயன்பாட்டைப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'வெர்ட்டெரே' என்றால் திரும்புதல், திருப்புதல். முன்னால் 'ரி' சேர்ந்தால் வந்த வழியே திரும்புதல். கன்வர்ட், டைவர்ட், இன்வர்ட் எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். செய்யுளைக் குறிக்கும் 'வெர்ஸ்' கூட இந்த வேரிலிருந்து வந்ததுதான்: உழவன் படைச்சாலின் முடிவில் ஏரைத் திருப்புகிறானே, அந்தத் திருப்பத்துக்கு லத்தீனில் இருந்த பெயர் பிறகு பாட்டின் வரிக்கும் ஆகிவந்தது. இந்தக் குடும்பத்தில் ரிவர்ட்டுக்குக் கிடைத்த வேலை, ஒன்று தன் பழைய நிலைக்கோ பழைய உடைமையாளரிடமோ பழைய பேச்சுக்கோ திரும்பிப் போவதைச் சொல்வது. கல்லாய்க் கிடந்த அகலிகை ராமனின் பாதத்தூள் பட்டு மறுபடி பெண்ணானாள் அல்லவா, அது அசல் ரிவர்ட். குத்தகைக் காலம் முடிந்ததும் நிலம் உரிமையாளருக்குப் போவது ரிவர்ட். மீட்டிங்கில் அரை மணி நேரம் ஆங்கிலம் பேசியவர் கோபம் வந்ததும் திருநெல்வேலித் தமிழுக்குத் தாவினால் அதுவும் ரிவர்ட்.

இலக்கணமும் எளிதுதான். பொது வழக்கில் இது செயப்படுபொருள் கேட்காத வினை. எந்த நிலைக்குத் திரும்புகிறது என்று சொல்ல 'டு' வேண்டும். இதனால்தான் 'ப்ளீஸ் ரிவர்ட் டு மீ' என்ற வரியைப் படிக்கும் லண்டன்காரருக்குச் சிரிப்பு வருகிறது. 'நீங்கள் முன்பு நானாக இருந்தீர்கள், தயவுசெய்து மறுபடி நானாக மாறிவிடுங்கள்' என்றும் அதைப் படிக்க இடமுண்டு. 'ரிவர்ட் பேக்' இன்னொரு வகை. திரும்புதல் ரிவர்ட்டுக்குள்ளேயே இருப்பதால் 'பேக்' அங்கே வெட்டி. நம் ஊர் 'நடுசென்டர்', 'கேட்டு வாசல்' ஜாதி. இதை மட்டும் நான் தயங்காமல் அடித்துவிடுவேன்.

சரி, இந்தியர்களுக்கு இந்த அசல் அர்த்தம் தெரியாதா? டெல்லியில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. நம் அரசு அலுவலகங்கள் அளவுக்கு இந்தச் சொல்லின் முதல் அர்த்தத்தைக் கட்டிக்காத்த இடம் உலகத்தில் குறைவு. ரயில்வேயில் வேலை பார்த்த பர்ஷோத்தம் லால் திங்ரா என்பவரின் வழக்கு ஒன்று உண்டு. மூன்றாம் வகுப்பு ஊழியரான அவர், 1951ல் ரயில்வே தந்திப் பிரிவில் உதவி சூப்பரின்டெண்ட் என்ற இரண்டாம் வகுப்புப் பதவியில் 'அஃபிஷியேட்டிங்' ஆக உட்கார்த்தி வைக்கப்பட்டார். அதாவது நாற்காலி உண்டு, நாற்காலியில் நிரந்தர உரிமை கிடையாது. அவரைப் பற்றி மேலதிகாரிகள் எழுதிய குறிப்புகள் சாதகமாக இல்லை. 1953ல் பழைய மூன்றாம் வகுப்புக்கே அனுப்பினார்கள். அந்த நடவடிக்கைக்குப் பெயர் ரிவர்ஷன். விசாரணை இல்லாமல் பதவி இறக்கம் செய்யக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 311வது பிரிவு சொல்கிறதே, என்னை இறக்கியது அதற்கு விரோதமில்லையா என்று அவர் நீதிமன்றம் போனார்.

உச்ச நீதிமன்றம் 1957 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி எஸ்.ஆர்.தாஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு திங்ராவுக்கு எதிராகப் போனது. நீதிபதி விவியன் போஸ் மட்டும் மாறுபட்டார். தாஸின் வாதத்தை எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான்: உனக்கு உரிமை இல்லாத நாற்காலியிலிருந்து உன் சொந்த நாற்காலிக்குத் திரும்ப அனுப்புவது தண்டனை ஆகாது. அந்த உத்தரவால் உன் சொந்தப் பதவியில் சம்பளம் குறைந்தாலோ, சீனியாரிட்டி போனாலோ, வருங்காலப் பதவி உயர்வு தள்ளிப்போனாலோ அப்போது அது தண்டனை. அப்போது விசாரணை வேண்டும். 1965ல் வந்த மத்திய அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளிலும் இதே சிந்தனையைப் பார்க்கலாம். எவையெல்லாம் தண்டனை ஆகாது என்று விதி 11ன் விளக்கத்தில் ஒரு பட்டியல் வருகிறது. அஃபிஷியேட்டிங் ஆளைத் தகுதி போதாது என்று கீழ்ப் பதவிக்கு ரிவர்ட் செய்வது அதில் இருக்கிறது.

இங்கே இலக்கணத்தில் ஒரு விஷயம் நடந்திருப்பதைக் கவனியுங்கள். ஆங்கிலேயனின் பொது வழக்கில் நிலம் ரிவர்ட் ஆகும், ஆள் ரிவர்ட் ஆவான். நம் அரசு உத்தரவில் ஆளை ரிவர்ட் செய்வார்கள். 'ஈஸ் ஹியர்பை ரிவர்ட்டட்' என்று ஒரே வரி. பிறவினை ஆகிவிட்டது, அதுவும் யார் செய்தார் என்று சொல்லாத செயப்பாட்டு வினையில்.

மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டியில் கீழ்த்தளத்தில் ஒரு மாமா இருக்கிறார். தலைமைச் செயலகப் பக்கம் ஒரு அமைச்சகத்தில் அசிஸ்டெண்டாகச் சேர்ந்து அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி வந்த தலைமுறை. இந்தச் சொல்லைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அட்ஹாக் புரமோஷன்னு ஒண்ணு குடுப்பான். செக்ஷன் ஆபீசர்னு எல்லாரும் கூப்பிட ஆரம்பிச்சுடுவா. ஆத்துல பாயசம் வெச்சு, ஊருக்கு லெட்டர் போட்டு, எல்லாம் ஆயிடும். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் ஆர்டர் வரும், ரிவர்ட்டட்னு. மறுநாள் அதே ரூம்லதான் உக்காரணும். நேத்து வரைக்கும் உன்கிட்ட ஃபைல் புட்-அப் பண்ணினவன் எதிர்ல உக்காந்துண்டிருப்பான்" என்றார். அவருடைய நண்பர் ஒருவர் அப்படி ஆனபின் பல மாதம் வீட்டில் சொல்லவே இல்லையாம். சம்பளம் குறைந்ததை வைத்து மனைவியே கண்டுபிடித்திருக்கிறார். "இப்போ என் பேரன் ஃபோன்ல 'நான் க்ளையண்டை ரிவர்ட் பண்ணிட்டேன்'னு சொல்றான். எனக்குப் பகீர்ங்கறது" என்று சொல்லிச் சிரித்தார்.

அசல் அர்த்தம் நம் வீடுகளுக்குள் வந்த இன்னொரு வழி சொத்து வழக்கு. 1956க்கு முன்பு கணவனின் சொத்து விதவைக்கு வந்தால், பொதுவாக அவள் ஆயுள் வரைக்கும் அனுபவிக்கலாம், அவசியமான காரணம் இல்லாமல் விற்க முடியாது. அவள் காலத்துக்குப் பிறகு சொத்து அவள் வாரிசுக்குப் போகாது, கணவனின் அடுத்த வாரிசுகளுக்குத் திரும்பிப் போகும். அந்த வாரிசுகளுக்கு நீதிமன்ற ஆங்கிலத்தில் 'ரிவர்ஷனர்' என்று பெயர். ஒரு விதவை நிலத்தை விற்றாள் என்றால் எங்கோ இருக்கும் பங்காளி ஒருவன் ரிவர்ஷனர் என்று சொல்லிக்கொண்டு வழக்குப் போடுவான். அன்றைய மதராஸ் மாகாண நீதிமன்றங்களில் இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. 1956ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14வது பிரிவு பெண்ணின் அந்தக் குறைந்த உரிமையை முழு உரிமையாக்கியது. அத்தோடு ரிவர்ஷனரின் பிழைப்பும் பெரும்பாலும் முடிந்தது. ரிவர்ட் என்ற சொல்லால் யாராவது கஷ்டப்பட்டிருந்தால் அந்த விதவைகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மின்னஞ்சல் படிக்கும் லண்டன்காரரை அல்ல.

ஆக, தெரியாமல் தவறாகப் பயன்படுத்துகிறோம் என்பது சரியில்லை. ஒரே சொல்லை அலுவலக உத்தரவில் ஒரு மாதிரியும் கடிதத்தில் ஒரு மாதிரியும் வைத்துக்கொண்டிருக்கிறோம். கடித அர்த்தம் ஆகாயத்திலிருந்து குதித்ததும் அல்ல. பழைய பேச்சுக்குத் திரும்புவது என்ற அர்த்தம் இங்கிலாந்து ஆங்கிலத்திலேயே நெடுங்காலமாக உண்டு. 'டு ரிவர்ட் டு யுவர் கொஸ்சன்' என்றால் உங்கள் கேள்விக்கே மறுபடி வருகிறேன் என்று பொருள். கேள்விக்குத் திரும்ப வருபவர் அடுத்து என்ன செய்வார்? பதில்தான் சொல்வார். இடையில் இருந்த தூரம் ஒரு அடிதான். அந்த அடியை நாம் எடுத்துவைத்தோம். நாம் மட்டுமில்லை, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதே வழக்கு இருக்கிறது.

ஆங்கிலத்தில் பதிலைக் குறிக்கும் மற்ற சொற்களின் பூர்வீகத்தைக் கிளறினால் நம் ரிவர்ட் மீது வரும் கோபம் இன்னும் குறையும். 'ரிப்ளை' லத்தீன் 'ரெப்ளிகாரே'விலிருந்து வந்தது. மடித்துப் போடுதல் என்பது அதன் அர்த்தம். 'ரெஸ்பாண்ட்' என்றால் பதிலுக்கு வாக்குக் கொடுத்தல். ஸ்பான்சர் அதன் உறவுக்காரர். 'ஆன்ஸர்' பழைய ஆங்கிலத்தில் குற்றச்சாட்டுக்கு எதிராகச் சத்தியம் செய்வது. துணி மடிக்கிற சொல் பதில் சொல்ல வரலாம், நீதிமன்றத்தில் சத்தியம் செய்கிற சொல் வரலாம், திரும்பி நடக்கிற சொல் மட்டும் வரக்கூடாதா? இதெல்லாம் போக, லண்டன்காரரும் நியூயார்க்காரரும் தினமும் சொல்கிற 'ஐ வில் கெட் பேக் டு யூ' வேறு என்ன? அதுவும் திரும்பி வருவதுதான். அவர்கள் வீட்டு மொழியில் சொன்னதை நாம் கோட்டு மாட்டிய லத்தீனில் சொல்கிறோம்.

நம் வாயில் அது இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதற்குத் தமிழும் இந்தியும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு எண்ணம். டெல்லி அலுவலகத்தில் 'ஸர், ரிவர்ட் கர் தீஜியே' என்பார்கள். நாம் 'ரிவர்ட் பண்ணுங்க சார்' என்போம். இரண்டு மொழியிலும் ஆங்கிலச் சொல்லைப் பிடித்து ஒரு 'கர்னா'வோ 'பண்ணு'வோ மாட்டினால் போதும், வினை தயார். அந்தச் சொல் இங்கிலாந்தில் 'டு' கேட்டதா, செயப்படுபொருள் கேட்டதா என்ற பேச்சுக்கே இடமில்லை. 'அவருக்கு ரிவர்ட் பண்ணிட்டேன்' என்பதில் 'அவருக்கு' எவ்வளவு இயல்பாக உட்காருகிறது பாருங்கள். அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதும்போது 'ரிவர்ட்டட் டு ஹிம்' ஆகிறது. மாமாவின் பேரன் சொன்ன 'க்ளையண்டை ரிவர்ட் பண்ணிட்டேன்' இதைவிட ஒரு படி மேலே. அது யாரோ க்ளையண்டைப் பதவி இறக்கியது போலத்தான் எனக்கும் கேட்கிறது.

இவ்வளவு வக்காலத்து வாங்கிய பிறகும் என் மேஜைக்கு வரும் கடிதங்களில் நான் ரிவர்ட்டை வெட்டுகிறேன். முதல் காரணம் மென்பொருள். அங்கே இந்தச் சொல் முதல் அர்த்தத்தில் அன்றாடம் உயிரோடு இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் எழுதிய 'கிட்' என்ற நிரல் மேலாண்மைக் கருவியில் ரிவர்ட் ஒரு கட்டளை. முன்பு செய்த மாற்றத்தை வரலாற்றிலிருந்து அழிக்காமல், அதை நேர்மாறாக ஆக்கும் புதிய மாற்றம் ஒன்றை மேலே போட்டுவிடும். முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில் டெல்லிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஐரோப்பாவில் இருந்த குழுவுக்கு, பணம் செலுத்தும் பக்கத்தில் செய்த மாற்றம் பற்றி 'ப்ளீஸ் ரிவர்ட் டுடே' என்று எழுதினார். மாற்றம் எப்படி இருக்கிறது, கருத்துச் சொல்லுங்கள் என்பது அவர் எண்ணம். அந்தக் குழு கட்டளையாக எடுத்துக்கொண்டு மாற்றத்தைக் கழற்றி எடுத்துவிட்டது. பதில் மடலில் ஒரே சொல்: 'டன்'. இவரும் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. பிறகு அந்த ரிவர்ட்டை ரிவர்ட் பண்ணினார்கள். கிட்டில் அதற்கும் வழி உண்டு.

மருத்துவத்திலும் இதே அபாயம் இருக்கிறது. போலியோ சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அரிதாக அது பழைய வீரியத்துக்குத் திரும்பிவிடும். அதற்கு அந்தத் துறையில் ரிவர்ஷன் என்றுதான் பெயர். இரண்டாம் வகை வைரஸின் இயற்கையான வடிவம் கடைசியாக 1999ல் டெல்லிக்குப் பக்கத்தில் அலிகாரில் தென்பட்டது. அப்புறம் அந்த வகை நோய் வருவதே சொட்டு மருந்து வைரஸ் திரும்பினால்தான் என்ற நிலை வந்தது. எனவே 2016 ஏப்ரலில் இந்தியா இரண்டாம் வகையைச் சொட்டு மருந்திலிருந்தே எடுத்துவிட்டது. ஆய்வகத்துக்கு அனுப்பும் கடிதத்தில் 'ஹேஸ் தி சாம்பிள் டீம் ரிவர்ட்டட்?' என்று எழுதுபவர் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. அதற்கும் ஆங்கிலத்துக்கும் சம்பந்தமில்லை. 'வில் ரிவர்ட்' என்று எழுதும்போது நாம் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. உங்கள் கடிதம் வந்தது, இப்போது பதில் சொல்ல இஷ்டமில்லை அல்லது முடியவில்லை, இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லவும் மனமில்லை. இந்த மூன்றையும் சேர்த்து மரியாதையாகப் போர்த்தி அனுப்ப அந்த இரண்டு சொல் போதும். ஊரில் பெண் பார்த்துவிட்டு 'போய் லெட்டர் போடறோம்' என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அதே வாக்குறுதி. இந்த வேலையை 'ரிப்ளை' செய்யாது. 'ஐ வில் ரிப்ளை' என்றால் பதில் வந்தாக வேண்டும் என்ற தொனி இருக்கிறது. ரிவர்ட்டில் அது இல்லை. இன்றைய ஆங்கில அகராதிகள் சில இந்தியப் பயன்பாடு என்ற முத்திரையோடு இந்த அர்த்தத்தைச் சேர்த்துக்கொண்டுவிட்டன. 'பதிலளித்தல்' என்று பொருள் போட்டிருப்பதில் பாதி உண்மைதான் இருக்கிறது. பதிலைத் தள்ளிப் போடுதல் என்ற மீதியையும் சேர்த்திருக்கலாம்.

அதனால் ஜூனியர்களின் வரைவில் ரிவர்ட்டைப் பார்த்தால் சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நான் விட்டுவிடுவதில்லை. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று கேட்டு வாங்குகிறேன். 'கைண்ட்லி ரிவர்ட்' இருந்த இடத்தில் 'வியாழக்கிழமைக்குள் உங்கள் ஒப்புதலை அனுப்புங்கள்' என்பதுபோல ஒரு வரி வந்துவிடும். 'வில் ரிவர்ட்' இருந்த இடத்தில் 'கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை எழுதுகிறேன்' என்று வரும். தேதி போடச் சொன்னதும் பாதிப் பேருக்கு அந்தக் கடிதத்தை அனுப்பவே பிடிப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். இந்தியாவுக்குள்ளேயே போய் வரும் மடல், நாலு பேர் குழு, எல்லாருக்கும் அர்த்தம் தெரியும் என்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவேன். சட்டப் பிரிவிலிருந்து குத்தகைப் பத்திரம் வந்தால் அதிலிருக்கும் ரிவர்ட்டைத் தொடவே மாட்டேன்.

போன மாதம் ஒரு பெண் சப்ளையர் ஒருவருக்கு எழுதிய மடலை முடிக்கும்போது 'அவெய்ட்டிங் யுவர் ரிவர்ட்' என்று போட்டிருந்தாள். வினைச்சொல் பெயர்ச்சொல்லாகிவிட்டது. "இதுக்கு என்ன சார் தப்பு? உங்க பதிலுக்காகக் காத்திருக்கேன்னு தமிழ்ல சொல்றோமே" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. ரிப்ளையும் ஆன்ஸரும் ஆங்கிலத்தில் இரண்டு வேடமும் கட்டுகின்றன, ரிவர்ட்டுக்கு மட்டும் என்ன தடை என்று கேட்டால் நெடுங்கால வழக்கம் அப்படி என்பதைத் தவிர என்னிடம் காரணம் இல்லை, அதையே சொன்னேன். அப்புறம் இருவரும் உட்கார்ந்து அந்த வரியைத் திருத்தினோம்: இன்வாய்ஸில் ஜிஎஸ்டி எண் தவறாக இருக்கிறது, திருத்திய இன்வாய்ஸைப் புதன்கிழமை மாலைக்குள் அனுப்பவும். நாள், பொருள், ஆள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. பத்து நிமிடத்தில் சப்ளையரிடமிருந்து மடல் வந்தது. 'நோட்டட். வில் ரிவர்ட்.'